ஒரே தாச்சியில் கீரியும் சூடையும்

முதல் மீன் வாய்க்குள் கரைந்தது. இரண்டாவது மீன் நாக்கைக் கீறியது.

குசினி யன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்து ஆறுதலாகச் சாப்பிடும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. இடது கையில் கோப்பை, கோப்பையில் பக்கத்து வீட்டு ராசமணி ரீச்சர் வேலிக்கு மேலால் நீட்டிவிட்டுப்போன மீன் பொரியல். விரல் நீளத்தை விடக் கொஞ்சம் பெரிய மீன்கள், மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, வால் நுனி கருகக் கருகப் பொரித்தவை. ரீச்சர் சின்ன மீனுக்கு வயிற்றை வெட்டுவதில்லை. தலையைக் கிள்ளி இழுப்பார், குடலும் கூடவே வந்துவிடும். பிறகு அப்படியே தாச்சிக்குள்.

கீறியது முள் அல்ல. முள்ளின் குத்து எனக்குத் தெரியும். சீப்பின் பல்வரிசையை நாக்கால் தடவினால் ஒரு கூச்சம் வருமே, அப்படி ஒன்று.

மூன்றாவது மீன் கரைந்தது. நான்காவது மறுபடியும் கீறியது. ஒரே தாச்சி, ஒரே எண்ணெய், ஒரே தூள். ஆனால் மீன் இரண்டு வகை என்று நாக்கு சொன்னது. அது சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. வெளியே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. போகிற வழியில் கதவு, யன்னல், கொடியில் கிடக்கிற துணி, மனிதர் எல்லாரையும் வாட்டிவிட்டுத்தான் போகும். கடலை மட்டும் தேய்த்து மடித்த சேலைபோல வைத்திருக்கும்.

கோப்பையைக் கழுவி வைத்தேன். சற்று நேரத்தில் காது மடல் சுட்டது. கச்சான் வெக்கை என்று நினைத்தேன். பிறகு கழுத்து சுட்டது.

இரண்டு சிவந்த முகங்கள்

"பிள்ளை! இஞ்ச ஓடி வா! என்ர முகத்தைப் பார்!"

வேலிக்கு அங்கால் ரீச்சரின் குரல். ஓடிப்போனேன்.

"ரீச்சர், நீங்கள் முதல் என்ர முகத்தைப் பாருங்கோ."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டும் செவ்விளநீர். ரீச்சருக்குக் கையெல்லாம் தடித்திருந்தது. எனக்குத் தலைக்குள் யாரோ மாவிடித்தார்கள். முதலில் சிரித்தோம். நெஞ்சு படபடக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. ரீச்சரின் கணவர் தவராசா அண்ணைதான் சந்திக்கு ஓடி ஓட்டோ கூட்டிவந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் எங்கள் முகங்களைப் பார்த்தவுடனேயே கேட்டார்: "மத்தியானம் என்ன மீன்?"

"கீரி," என்றார் ரீச்சர்.

"கீரியும் சூடையும்," என்றேன் நான்.

ரீச்சர் தடித்த கண்ணிமைகளுக்குள்ளால் என்னைப் பார்த்தார். "கீரிதான் டொக்டர். வாங்கினது நான். எனக்குத் தெரியாதோ?"

"எதெண்டாலும் சரி அம்மா. வெயிலுக்க கிடந்திருக்கு. இப்படியான மீன் வெக்கைக்குள்ள கிடந்தா அதுக்குள்ள ஒரு நஞ்சு ஊறும். பொரிச்சாலும் போகாது, அவிச்சாலும் போகாது. மணத்திலயும் தெரியாது. இந்தக் குளிசையைப் போடுங்கோ, பின்னேரத்துக்குள்ள எல்லாம் வடிஞ்சிடும்."

டொக்டர் சொன்னபடியே வடிந்தது. பொழுதுபடுவதற்குள் நாங்கள் பழைய முகத்தோடு வீட்டுக்கு வந்தோம். ஓட்டோவுக்குள் தவராசா அண்ணை ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு நாளென்றால் ஓட்டோக்காரனின் பேத்தி எந்த வகுப்பு என்பதுவரை விசாரித்து முடித்திருப்பார். மனைவிக்குச் சுகமில்லாத கவலை என்று நினைத்தேன். போன வருஷம் அவருடைய இருதயக் குழாய்க்குள் அடைப்புக்குக் கம்பிவலை வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கவலை ரீச்சருடைய வேலை. அன்று முறை மாறிவிட்டது, பாவம், அவருக்குப் பழக்கமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

யூட்டின் பெயர்

எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டு வருபவர் யூட். மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி, பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் மீன். வாய் நிறையப் பகிடி. முதல் ஒழுங்கை எங்களுடையது. இங்கே பெட்டி பாதியாகிவிட்டால்தான் அவர் மற்ற ஒழுங்கைகளுக்குச் சிரித்துக்கொண்டு போவார். மனைவி, கைக்குழந்தை, மாமியார் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் அடக்கம்.

அடுத்த நாள் காலை வழமைபோல ஹோர்ன் கேட்டது. ரீச்சர் படலையடியில் நின்றார். கையில் சட்டி இல்லை. அதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

"ரீச்சர், இண்டைக்குப் பாரை இருக்கு. நல்ல பாரை."

"பாரை இருக்கட்டும். நேற்று என்னத்தைத் தந்தனீ?"

"கீரி."

"அதைத் திண்டிட்டு நானும் இந்தப் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிடந்தனாங்கள். வெயிலுக்க போட்டு வாட்டின மீனை ஐஸுக்க போட்டா ஐஸ் மீனாகுமோ?"

யூட்டின் முகம் வெளிறியது. "ரீச்சர், நேற்று ஐஸ் வரச் சுணங்கினபடியாத்தானே நான் பிந்தி வந்தனான். ஐஸ் இல்லாமல் மீன் ஏத்தமாட்டன் எண்டு கரையில காத்துக்கொண்டு நிண்டனான். கேட்டுப்பாருங்கோ."

"ஆரைக் கேக்கிறது? மீனைக் கேட்டனான், அது சொல்லிச்சுது. கழுவக் கழுவ மண். மண்ணில உருட்டி எடுத்த மீன்."

"மண்ணோ?" யூட் பெட்டியின் மூடியைத் தூக்கினார். "என்ட மீனிலயோ மண்?"

ரீச்சர் திரும்பி உள்ளே போய்விட்டார். ஒழுங்கையில் மற்றப் படலைகளும் திறக்கவில்லை. ரீச்சரிடம் படிக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. அவர் பிழை என்றால் சிவப்பு மையால் கீறினதுதான், அழிக்க ஏலாது.

நான் வெளியே போனேன். யூட் மூடியை மூடாமல் நின்றார்.

"அக்கா, ரீச்சர் ஏசினது பெரிசில்ல. அவ என்னைச் சின்னனில இருந்து ஏசுறவ. மீன்காரனுக்கு ஆஸ்பத்திரிப் பேர் வந்தா முடிஞ்சுது. பெட்டியக் கழட்டி வைக்க வேண்டியதுதான்."

அப்படிச் சொல்லும்போதும் ஒரு மீனை எடுத்து, செவுளைப் பிரித்து, தனக்குத்தானே பார்த்துக்கொண்டார். மண் இல்லை. சிவப்பு மட்டும்.

வயிறும் புள்ளியும்

நான் தம்பலகாமத்துக்காரி. குளத்து மீன் தின்று வளர்ந்தவள். விரால் என்றால் விரால், செத்தல் என்றால் செத்தல். ஒன்றை மற்றதென்று மாற்றிச் சொல்ல வழியில்லை, அத்தனைக்கும் முகம் வேறு, மூஞ்சி வேறு. கலியாணம் முடித்து உப்புவெளிக்கு வந்தபோது இங்கே மீனெல்லாம் வெள்ளியாக இருந்தது. சட்டிக்குள் கொட்டினால் சில்லறைக் காசுபோலக் கிடக்கும். எது என்ன பெயர் என்று கேட்டால் கேட்ட வீட்டுக்கொரு பெயர். உப்புவெளியில் ஒன்று சொல்வார்கள், நிலாவெளியில் சிரித்துக்கொண்டு இன்னொன்று சொல்வார்கள், புல்மோட்டைப் பக்கம் போனால் இரண்டும் பிழை என்பார்கள். அதே மீன் குஞ்சாக இருந்தால் வேறு பெயர், காய்ந்தால் வேறு பெயர்.

எனக்கு அவற்றைப் பிரித்துக் காட்டியது விரல்தான். கழுவிக் கழுவிப் பழகிய விரல்.

சூடையின் வயிறு கூர். வாலிலிருந்து தலைப்பக்கமாகப் பெருவிரலை ஓட்டினால் பிடித்துக்கொள்ளும். வயிற்று விளிம்பில் செதில்கள் மடிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக, வாள்பல்லுப்போல நிற்கின்றன. கீழே இருந்து வாய் திறந்து வருகிற பெரிய மீனுக்கு அது ஒரு சின்ன எச்சரிக்கையாக இருக்கலாம். எனக்கு அது நூல் தைத்த விளிம்பு. கீரிக்கும் அந்தப் பல் இருக்கிறது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் கீரியின் வயிறு உருண்டது, பல் சதைக்குள் புதைந்துவிடும். விரல் வழுக்கிக்கொண்டு போகும். நாக்கும் அப்படித்தான்.

பிறகு புள்ளிகள். கீரியின் முதுகு நீலமும் விலாவின் வெள்ளியும் சந்திக்கிற கரையில், செவுளிலிருந்து வால்வரை ஒரு வரிசை. சந்தையில் பார்ப்பவர்களுக்கு அவை கறுப்பு. நானும் கறுப்பென்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மூதூர்ப் படகுக்காகத் துறைமுகத்து இறங்குதுறையில் காத்துக்கொண்டு நின்றேன். நிற்பது என்றால் எனக்கு நடப்பது. அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் என் காலடியில் ஒரு கீரியைத் தூக்கிப்போட்டார். அதன் விலாவில் புள்ளிகள் பொன். மஞ்சளில்லை, பொன்தான். யாரோ ஊசியால் தொட்டுத் தொட்டு வைத்ததுபோல ஒரு வரிசை. குனிந்தேன். மீன் இரண்டுமுறை சீமெந்தில் அடித்தது. அந்தப் பொன் எந்தக் கணத்தில் மங்கியது என்று என்னால் பிடிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். படகு ஏறி மூதூரில் இறங்கி, போன அலுவல் முடித்துத் திரும்பி வந்து படுத்த பிறகும் அந்த வரிசை கண்ணுக்குள் நின்றது.

கோணேசர் கோயில் மலையிலிருந்து கீழே பார்த்தால், கச்சான் மாதங்களில், கடலில் முகில் நிழல் ஒன்று நகரும். மேலே பார்த்தால் முகில் இல்லை. அது மீன்கூட்டம். சூடையோ கீரியோ, அந்த உயரத்தில் யார் கண்டது. அந்த நிழல் இடது பக்கம் திரும்பும்போது எந்த மீன் முதலில் திரும்பியது என்று நான் எத்தனையோ தரம் தேடியிருக்கிறேன். தலைவன் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ளதின் விலாவைப் பார்த்துத் தன்னுடையதைத் திருப்புகிறது. அவ்வளவுதான். அந்த ஒரு பழக்கத்தால் அத்தனை சின்ன உடம்புகள் ஒரு பெரிய உடம்பாகிவிடுகின்றன.

எங்கள் ஒழுங்கையும் அப்படித்தான். அன்று காலை ரீச்சர் திரும்பினார், பக்கத்து வீடு திரும்பியது, அதற்கடுத்தது திரும்பியது. யூட்டுக்கு எதிராக யாரும் கூட்டம் வைக்கவில்லை. எல்லாரும் திரும்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

மிச்ச மீன்

முதல் நாள் நானும் யூட்டிடம்தான் மீன் வாங்கியிருந்தேன். அதே பெட்டி, அதே நேரம். ரீச்சரின் பொரியல் வந்ததால் அதைச் சமைக்காமல் பிரிஜ்ஜுக்குள் வைத்திருந்தேன். யூட் போன பிறகு அதை வெளியே எடுத்துக் கொட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் புள்ளி. எல்லா வயிறும் வழுக்கியது. கழுத்தடியில் வலைக்கண் இறுக்கிய தடம், அந்த இடத்தில் செதில் உரிந்திருந்தது. படகில் போய் விரித்த வலையில் தலை மாட்டிய மீன். செவுளுக்குள் ஒரு மணல் இல்லை.

அப்படியானால் என் நாக்கைக் கீறியது எங்கிருந்து வந்தது?

ரீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"ரீச்சர், நேற்றைய மீனில மிச்சம் இருக்கோ?"

"பாதி கழுவாமலே கிடக்கு. கை வலிச்சுது, விட்டிட்டன். சுகாதாரப் பரிசோதகர் வந்தாக் காட்டவெண்டு எறியாமல் வைச்சிருக்கிறன்."

"அவர் வாறதுக்கு முதல் நாங்கள் ஒருக்காப் பாப்பம்."

பிரிஜ்ஜிலிருந்து மீன்களை எடுத்து மேசையில் கொட்டினோம். நான் பிரித்து வைத்தேன். புள்ளி உள்ளது இந்தக் கோப்பை. புள்ளி இல்லாதது அந்தக் கோப்பை. ரீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் பார்ப்பதுபோலப் பார்த்தார். புள்ளி இல்லாத மீனின் விலாவில் மெல்லிய பொன் கோடு ஒன்று ஓடியது. வயிற்றில் விரலை ஓட்டச் சொன்னேன். ஓட்டினார்.

"கீறுது!"

"சூடை. மற்றது கீரி."

"ஒரு பெட்டிக்குள்ள ரெண்டும் கலந்து வராதோ?"

"வரும். ஆனா என்ர பங்கில ஒண்டுகூட இல்லை. இஞ்ச பாருங்கோ, கீரியின்ர கழுத்தில வலைத்தடம். சூடையில தடம் இல்லை, செதில் முழுசா இருக்கு. செவுளைத் திறவுங்கோ."

திறந்தார். மேசையில் மணல் உதிர்ந்தது. புள்ளியுள்ள மீனின் செவுளையும் திறந்தார். உதிரவில்லை. பிறகு நான் சொல்லாமலே இன்னொரு சூடை, இன்னொரு கீரி. ரீச்சர் ஒரு விடையை ஒருமுறை மட்டும் திருத்துபவர் அல்ல.

"இந்த மண்..." என்றார்.

"கரைவலை மண். கரையில இழுத்துப்போட்ட மீன்."

"யூட் கரைவலை மீன் எடுக்கிறேல்லையே!"

"இல்லை."

குசினி வாசலில் தவராசா அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. மேசையில் பிரிந்து கிடந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்தார். "முருங்கைக்குத் தண்ணி விடவேணும்," என்று யாருக்கோ சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

முருங்கைக்கு யார் தண்ணி விடுவார்கள்?

கிணற்றடி

கரைவலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வலை கரைக்கு ஏறுகிற நேரம் கயிற்றில் யார் கை வைத்தாலும், அவர் வலைக்காரரோ வழிப்போக்கரோ, கறிக்கு ஒரு பிடி மீன் உண்டு. கறிமீன் என்பார்கள். காலையில் கடற்கரையில் நடக்கப் போகிற பெரிய மனிதர் சிலர் அந்தப் பிடி மீனுக்காகவே கயிற்றில் தொங்குவதை நான் கண்டிருக்கிறேன். மீனுக்காக என்று சொன்னாலும் மீனுக்காக இல்லை.

தவராசா அண்ணை கிணற்றடியில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஆரின்ர வலை?"

"என்ன வலை?"

"உங்கட உள்ளங்கையில எழுதியிருக்கிற வலை."

அவர் கையை மூடினார். ஆனால் கயிறு உரசிய சிவப்பை ஏற்கனவே கண்டுவிட்டேன். வாளி கிணற்றுக்குள் போய் 'தொபுக்' என்றது.

"எங்க வைச்சனீங்கள்?"

"முருங்கையில. சொப்பின் பையோட கொழுவி வைச்சனான்." குரலைத் தாழ்த்தினார். "வேற நாளில பிழை வாறேல்ல, பிள்ளை. நான் வந்து முகம் கழுவ முதல் யூட் வந்திடுவான். இவ மீனை வாங்கிக் கிணற்றடியில வைச்சிட்டு உப்பெடுக்க உள்ள போவா. நான் சட்டிக்குள்ள கொட்டிடுவன். இவ யூட் அள்ளித் தந்திட்டான் எண்டு சந்தோஷப்படுவா. நேற்றுப் பாத்து அவன் ஐஸுக்குக் காத்துக்கொண்டு நிண்டிட்டான்."

சிரிப்பு வந்தது எனக்கு. வாயைப் பொத்திக்கொண்டேன். யூட் மீனைக் காக்கக் காத்திருந்த நேரமெல்லாம் இந்த மனிதரின் மீன் கச்சான் வெயிலில் முருங்கைக் காயோடு காயாகத் தொங்கியிருக்கிறது.

"ரீச்சருக்குச் சொன்னா என்ன?"

"சொன்னாக் கயிறு போச்சு. டொக்டர் பாரம் தூக்கக்கூடாதெண்டு சொன்னவர். இவ அதைப் பிடிச்சுக்கொண்டு, தண்ணிக் கிளாஸும் பாரம் எண்டு நிக்கிறா. வீட்டில நான் நோயாளி. சந்தியில நோயாளி. கோயில்ல கூட ஒருத்தர் இடம் விட்டுத் தாறார். கயிற்றில நிண்டா, 'ஐயா, சும்மா நிக்காமல் இறுக்கிப் பிடியுங்கோ' எண்டு ஏசுறாங்கள். எவ்வளவு சந்தோஷம் தெரியுமோ அந்த ஏச்சு."

எனக்குத் தெரியும். உடம்பை எதையாவது செய்ய விடாவிட்டால் அது மனதைத் தின்னத் தொடங்கும். அதற்காகத்தான் நானும் நடக்கிறேன்.

"சொல்லாட்டி யூட் போச்சு, அண்ணை."

அவர் கயிற்றை ஆட்டி வாளியைத் தண்ணீருக்குள் கவிழ்த்தார்.

"நான் சொல்லமாட்டன். அது உங்கட வாயால வரவேணும். ஆனா அவன் இண்டைக்கு மூடாத பெட்டியோட நிண்டதை நான் பாத்தனான்."

வாளியை மேலே இழுத்தார். தண்ணீரை உண்மையாகவே முருங்கைக்கு ஊற்றினார்.

திரும்பாத மோட்டார் சைக்கிள்

மறுநாள் காலை ஹோர்ன் தூரத்தில் கேட்டது. வழமையாகச் சந்தியில் ஒருமுறை, எங்கள் முடக்கில் ஒருமுறை, பிறகு படலைக்குப் படலை. அன்று சந்தியில் கேட்டது. முடக்கில் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளின் சத்தம் நிலாவெளி வீதியில் நேராகப் போனது.

ஒழுங்கையில் இரண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்து, ஒருவரையொருவர் பார்த்துவிட்டு நின்றோம். வேண்டாம் என்றவர்களுக்கும் அது என்னவோபோல இருந்தது.

தவராசா அண்ணை பல் விளக்கிக்கொண்டு படலையில் நின்றிருந்தார். பிரஸை மதிலில் வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். சைக்கிளை எடுத்தார்.

"எங்க போறியள்?" ரீச்சர்.

அவர் மிதிக்கத் தொடங்கிவிட்டார். "யூட்! டேய் யூட்! நில்லடா!"

"ஐயோ, நெஞ்சு! மெல்லமா! ஆராவது மறியுங்கோ அந்த மனிசனை!"

யார் மறிப்பது? அவர் முடக்கில் திரும்பி மறைந்துவிட்டார். ரீச்சர் செருப்பில்லாமல் பாதி ஒழுங்கைவரை ஓடினார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். யூட் மோட்டார் சைக்கிளை நிறுத்தி உருட்டிக்கொண்டு வந்தார், அண்ணைக்குச் சமமாக. அண்ணை வியர்த்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஒழுங்கையின் நடுவில் சைக்கிளை நிறுத்தினார்.

"எல்லாரும் கேளுங்கோ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பின மீன் யூட்டின்ர இல்ல. என்ர. கரைவலை இழுத்து நான் கொண்டு வந்த கறிமீன். ஒளிச்சு முருங்கையில கொழுவி வைச்சு, பிறகு சட்டிக்குள்ள கலந்தனான். பெடியனில ஒரு பிழையும் இல்லை."

பிறகு மூலை வீட்டுப் படலையிலிருந்து ஒரு குரல்: "முருங்கையில மீனும் காய்க்குதோ அண்ணை? எங்களுக்கும் நடுறதுக்கு ஒரு கிளை தாங்கோவன்!"

ஒழுங்கை வெடித்துச் சிரித்தது. யூட் சிரிக்கவில்லை.

"இது பகிடியில்ல, அண்ணை. நேற்று அங்கால ஒழுங்கையில ஒரு அம்மா என்ட பெட்டியைத் திறந்து மணந்து பாத்தவ. இவ்வளவு காலத்தில ஆரும் மணந்து பாத்ததில்ல."

"பிழைதான் தம்பி. ஏசு. நல்லா ஏசு."

"மூத்தாக்களை ஏச எனக்கு ஏலாது." யூட் ரீச்சரைப் பார்த்தார். "அதை ரீச்சரிட்ட விடுறன்."

ரீச்சர் யாரையும் ஏசவில்லை. கணவரின் மார்பில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கமில்லாமல், அது ஒழுங்காக அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். சரி, இனி உள்ளே வெடிக்கும் என்று நினைத்தோம்.

கதவு திறந்தது. தலைமயிரைக் கட்டிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் சட்டியோடு வந்தார்.

"வா யூட்."

யூட்டுக்கு விளங்கவில்லை.

"உருட்டு மோட்டார் சைக்கிளை. நான் முன்னால போறன்."

ஒவ்வொரு படலையாக நின்றார். ஒவ்வொன்றிலும் ஒரே வசனம்: "நான் சொன்னது பிழை. மீனில பழுதில்லை. வந்து வாங்குங்கோ." மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை. வகுப்பில் வரவு கூப்பிடுகிற குரல். கடைசி வீட்டோடு நிற்கவில்லை. முடக்கைத் தாண்டி அங்கால ஒழுங்கைக்குப் போனார். பெட்டியை மணந்து பார்த்த அம்மாவின் வீடு எது என்று கேட்டு, அங்கேயும் போய் அதே வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். அந்த வெக்கையில், வீட்டுச் சட்டையோடு, அவ்வளவு தூரம் நடந்த ரீச்சரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னால் நானும் நடந்தேன். எனக்கென்ன, நடக்கச் சொன்னால் போதும்.

திரும்பி வந்தபோது தவராசா அண்ணை படலையில் அதே இடத்தில் நின்றார். தண்டனை என்னவென்று தெரியாத பிள்ளையின் நிலை.

"கயிறு பிடிக்கத்தான் வேணுமோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஓம்," என்றார் அண்ணை. அவ்வளவு சின்னதாக.

"டொக்டரிட்டக் கேப்பம். அவர் ஓமெண்டால், கடைசியில நிண்டு பிடிக்க வேணும். முன்னுக்குப் போய் வீரம் காட்டுறேல்ல. ஆக்கள் இழுத்துத் தாற கயிற்றைச் சுருட்டி வைச்சாப் போதும்."

"சுருட்டுறவனுக்கு ஆர் மீன் தருவாங்கள்?"

அப்போதுதான் யூட் சிரித்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

"தருவாங்கள் அண்ணை. முன்னுக்கு நிண்டாலும் பின்னுக்கு நிண்டாலும் ஒரு பிடிதான்."

ரீச்சர் சட்டியை யூட்டிடம் நீட்டினார். "இதுக்குள்ள கீரி போடு. பிறகு இன்னொண்டு கேள். டொக்டர் விட்டா, இவர் கரையில நிப்பார். அது நீ ஐஸ் ஏத்திற வழிதானே? இவற்ற கையில குடுக்கிற மீனை வாங்கி உன்ர பெட்டிக்குள்ள வை. எங்கட வீட்டுக்கு இனி ஒரு மீன் வந்தாலும் அது உன்ர ஐஸுக்குள்ளால வரவேணும்."

யூட் இரண்டு கையாலும் சட்டியை வாங்கினார்.